தண்ணீர் படாத துடுப்பு

லோரி லாக்லின் என்று ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை. அவருடைய இரண்டு மகள்மாரும் படகு வலிப்பதில் கெட்டிக்காரிகள் என்று தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சொல்லப்பட்டது. சான்றாகப் படமும் போனது. படத்தில் பிள்ளைகள் துடுப்பு வலிக்கிறார்கள். படகைத்தான் காணோம், தண்ணீரையும் காணோம். உடற்பயிற்சிக்கு வைத்திருக்கும் துடுப்பு இயந்திரத்தில் உட்கார வைத்து எடுத்த படம் அது. அந்த ஏற்பாட்டுக்குப் பெற்றோர் கொடுத்தது ஐந்து இலட்சம் டொலர். 2019 மார்ச்சில் குட்டு உடைந்தது. நடிகைக்கு இரண்டு மாதச் சிறை.

இந்த விளையாட்டு ஆள்சேர்ப்பைப் பற்றி, இலங்கையில் மீன்பிடி ஊரான பள்ளிவாசல்துறைக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கற்பிட்டித் தீபகற்பத்தில் இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு. பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே வள்ளம் தள்ளி, கரைவலைக் கயிறு இழுத்துக் கை காய்த்த பொடியன்மார் எத்தனை பேர் வேண்டும்? படம் எடுக்க இயந்திரம் வாடகைக்குப் பிடிக்கவும் தேவையில்லை. ஆனால் ஒரு சிக்கல். வசதியான வீட்டுப் பிள்ளை துடுப்பைத் தொட்டால் அதற்குப் பெயர் பன்முகத் திறமை. மீன்காரன் மகன் தொட்டால் சிறுவர் தொழில். அவனுடைய படத்தை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காது. யாராவது எடுத்தால், ஏதாவதோர் அறிக்கையின் அட்டையில் போடுவார்கள். அறிக்கை வெளியீடு கொழும்பில், நட்சத்திர ஹோட்டலில் நடக்கும்.

அந்த அமெரிக்க மோசடியை நடத்திய ரிக் சிங்கர் ஒரு விதத்தில் நேர்மையான மனிதர். பல்கலைக்கழகத்துக்கு மூன்று வாசல் என்று அவர் தன் வாடிக்கையாளருக்கு விளக்கினார். முன்வாசல், சொந்தமாகப் படித்து வருகிறவனுக்கு. பின்வாசல், கோடிகோடியாய் நன்கொடை கொடுக்கிறவனுக்கு. தான் திறந்து வைத்தது பக்கவாசல். விலை குறைவு, இடம் நிச்சயம். பக்கவாசல் நடத்தியதற்காக அவருக்கு மூன்றரை வருடம் கிடைத்தது. பின்வாசல் இன்றைக்கும் திறந்தே இருக்கிறது, சட்டப்படி. சார்ல்ஸ் குஷ்னர் என்ற கட்டடத் தொழிலதிபர் 1998 இல் ஹார்வர்டுக்கு 25 இலட்சம் டொலர் தருவதாக வாக்களித்ததையும், அதையொட்டி மகன் ஜாரெட் அங்கே இடம் பெற்றதையும் டேனியல் கோல்டன் என்ற பத்திரிகையாளர் 2006 இல் ஒரு நூலில் எழுதினார். யாரும் விலங்கோடு வரவில்லை. மகன் பிற்பாடு அமெரிக்க ஜனாதிபதியின் மருமகனும் ஆலோசகரும் ஆனார். லாக்லின் அம்மையார் செய்த குற்றம் என்ன என்று யோசித்துப் பார்த்தால், பின்வாசலுக்குக் காணாத காசோடு வந்ததுதான் என்று தோன்றுகிறது.

ராஜ் செட்டி என்று ஹார்வர்டிலேயே ஒரு பொருளியல் பேராசிரியர் இருக்கிறார். தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். (நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் நிமிர்த்திக்கொள்ளலாம்.) அவரும் இரண்டு சகாக்களும் 2023 இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: அமெரிக்காவின் உச்சப் பல்கலைக்கழகங்களில், ஒரே பரீட்சைப் புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில், நாட்டின் உச்ச ஒரு வீதப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை போய்ச் சேரும் வாய்ப்பு நடுத்தர வீட்டுப் பிள்ளையினுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு முன் 2017 இல் அவர் குழு கணக்கிட்டது இன்னொன்று. 38 கல்லூரிகளில், கீழ்த்தட்டு 60 வீதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவரைவிட உச்ச ஒரு வீதத்திலிருந்து வந்தவர் அதிகம்.

இனி தயாளத்தைப் பாருங்கள். 2025 மார்ச்சில் ஹார்வர்ட் அறிவித்தது: வருடம் ஒரு இலட்சம் டொலருக்குக் கீழ் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். பள்ளிவாசல்துறையில் வருடம் ஒரு இலட்சம் டொலருக்குக் கீழ் உழைப்பவர்கள் யார் என்று கிராம உத்தியோகத்தர் வீடு வீடாய்ப் போய்க் கணக்கெடுக்கவே வேண்டாம். மையவாடியில் கிடப்பவர்கள் உட்பட ஊர் முழுதும் தகுதி. உள்ளே வந்துவிட்ட ஏழையை இப்படித் தாங்கினால் போதும். எத்தனை ஏழை உள்ளே வந்தான் என்ற கேள்வி அந்த அறிவிப்பின் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

அந்த ஹார்வர்டுக்கு நாமும் கொடுத்திருக்கிறோம். தமிழ் இருக்கை அமைக்க 60 இலட்சம் டொலர் வேண்டும் என்றார்கள். உலகத் தமிழர் திரண்டார்கள். தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. பிள்ளைகள் உண்டியல் உடைத்தார்கள், பாட்டுக் கச்சேரி வைத்தார்கள், 2018 இல் தொகை நிறைந்தது. அந்த வருடம் ஹார்வர்டின் கையிருப்பு நிதி 3,900 கோடி டொலருக்கு மேல். மொழிக்குச் செய்தது தப்பென்று சொல்ல வரவில்லை. நானும் தமிழில் எழுதித்தான் பிழைக்கிறேன். ஆனால் உலகத்திலேயே பணக்காரப் பல்கலைக்கழகத்துக்குத் தமிழன் உண்டியல் குலுக்கிய அதே காலத்தில், தமிழில் உயர்தரம் படிக்கும் கரையோரப் பிள்ளைக்கு பௌதிகவியல் வாத்தியார் வேண்டும் என்று யாரும் பாட்டுக் கச்சேரி வைக்கவில்லை. வைத்திருந்தால் யார் டிக்கெட் வாங்கியிருப்பார்? வாத்தியாரின் பெயரைப் பித்தளைப் பலகையில் பொறிக்க முடியாதே.

"அது அமெரிக்கா, காசுக்காரன் நாடு. நம்மிடம் இலவசக் கல்வி இருக்கிறது" என்று இங்கே ஒரு குரல் எழும். இருக்கிறது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம், பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அரசாங்க சபையில் மன்றாடிப் பெற்றுத் தந்த கொடை. கம்பஸ் கிடைத்த பிள்ளை படிப்புக்கென்று ஒரு சதம் கட்டத் தேவையில்லை. அந்தக் கட்டணத்தையெல்லாம் வாசலுக்கு வெளியே வைத்து வேறு ஆட்கள் வாங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். இணைந்த கணிதத்துக்கு ஒரு சேர், இரசாயனவியலுக்கு ஒரு சேர், பழைய வினாத்தாளுக்கு ஒரு சேர். மண்டபத்தில் ஐந்நூறு பிள்ளை, முன்னால் ஒரு ஒலிவாங்கி. கன்னங்கரா உருவாக்கிய பாடசாலை காலை ஏழரைக்கு மணியடித்து ஒன்றரைக்கு மூடுகிறது. நாடு படிக்கிறது அதற்குப் பிறகுதான்.

ஐந்தாம் வகுப்பிலேயே வடிகட்டல் தொடங்குகிறது. பத்து வயதுப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் பரீட்சை. வென்றால் பெரிய பாடசாலை, இல்லாவிட்டால் இருக்கிற இடம். வென்ற ஏழைப் பிள்ளைக்கு அரசாங்கம் மாதம் 750 ரூபாய் கொடுத்து வந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 1,500 ஆக்கினார்கள். டியூசன் சேரிடம் கொண்டு போய்க் கொடுத்தால் மிச்சக் காசு எங்கே என்று கேட்பார்.

பிறகு பாடசாலை. நாட்டில் பத்தாயிரத்துக்கு மேல் அரச பாடசாலை. உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை, 1ஏபி என்று சொல்வார்கள், ஏறத்தாழ ஆயிரம். பத்தில் ஒன்று. அந்தப் பத்தில் ஒன்றிலும் பெயர்ப்பலகையில் விஞ்ஞானம் இருப்பதும் வகுப்பறையில் விஞ்ஞான ஆசிரியர் இருப்பதும் வேறுவேறு சங்கதி. புத்தளத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறை இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. தேர்தல்களைவிட ஒழுங்காகத் தொடர்கிறது.

ஆசிரியர் இல்லையென்றால் என்ன, உங்களுக்குத்தான் மாவட்ட ஒதுக்கீடு இருக்கிறதே என்பார்கள். கொழும்புக்காரர் இதைச் சொல்லும்போது ஏதோ தங்கள் வீட்டு அண்டாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கணக்கு இப்படி: 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக. புத்தளம் அந்தப் பதினாறில் ஒன்று. ஆக இரண்டு ஏணி வைத்திருக்கிறார்கள்.

ஏணியை எங்கே சாத்தியிருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தால்தான் விளங்கும். மருத்துவம், பொறியியல், வணிகம் போன்ற துறைகளுக்குத்தான் மாவட்ட ஒதுக்கீடு. கலைப்பிரிவுக்கு அது கிடையாது. அங்கே அகில இலங்கைத் திறமை மட்டும். கரையோரத்துப் பிள்ளை எந்தப் பிரிவில் படிக்கிறது? விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லாதபடியால் கலையில். அதாவது, படிக்க வசதியில்லாத பாடத்துக்குச் சலுகை உண்டு. படிக்கக்கூடிய பாடத்துக்குச் சலுகை இல்லை. இதை வேண்டுமென்றே யோசித்துச் செய்திருந்தால் அந்த மூளைக்குச் சிலை வைக்கலாம். யோசிக்காமல் இத்தனை வருடமாக வைத்திருப்பதற்கு என்ன வைப்பதென்று தெரியவில்லை.

சரி, எப்படியோ ஒரு பிள்ளை விஞ்ஞானம் படித்துவிட்டது என்றே வைப்போம். மாவட்டம் என்பது வரைபடத்தில் ஒரு நிறம். புத்தளம் மாவட்டம் கற்பிட்டியில் தொடங்கி, சிலாபம் தாண்டி, மாரவில தாண்டி, வென்னப்புவ வரை கீழே இறங்குகிறது. வென்னப்புவப் பிள்ளைக்கு நீர்கொழும்பு டியூசன் வகுப்பு பஸ்ஸில் ஒரு எட்டு. பள்ளிவாசல்துறைப் பிள்ளை பாலாவிச் சந்திக்கு வந்து புத்தளம் நகரத்தைத் தொடவே வெகுதூரம் போகவேண்டும். இருவரும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி, ஒரே பின்தங்கல். "புத்தளத்துக்கு இத்தனை மருத்துவ இடம்" என்று பத்திரிகை எழுதும்போது அந்த இடங்களில் எத்தனை வடக்கே ஏறின, எத்தனை தெற்கிலேயே இறங்கிக்கொண்டன என்று எழுதுவதில்லை.

மூன்றாவது ஆளும் ஒருவர் உண்டு, அவரை மறக்கக்கூடாது. கொழும்பிலோ கண்டியிலோ வசிக்கும் வசதியான தகப்பன். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் பிள்ளை எந்த மாவட்டத்தில் கூடுதல் காலம் படித்ததோ அதுதான் அதன் மாவட்டம் என்பது விதி. அவர் விதியை மதிக்கிறவர். பிள்ளையின் பெயரைப் பின்தங்கிய மாவட்டப் பாடசாலை ஒன்றில் பதிகிறார். பிள்ளையைக் கொழும்பு டியூசனில் விடுகிறார். வரவுப் பதிவேட்டில் பெயர் வாடாமல் நிற்கிறது. பின்தங்கலைக்கூட விட்டுவைக்கவில்லை பார்த்தீர்களா! ஏழையிடம் எடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தோம். அவனுடைய இல்லாமையே மருத்துவபீடம் வரை செல்லுபடியாகும் என்பது அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

இந்தக் கூத்துக்கு நடுவில் சண்டை போட்டது யார்? 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை உடுத்த துணியோடு விரட்டினார்கள். பல்லாயிரம் பேர் இந்தத் தீபகற்பத்துக்கும் புத்தளத்துக்கும் வந்து கிடுகுக் கொட்டிலில் குந்தினார்கள். கொஞ்சக் காலத்தில் இங்குள்ளவர்களுக்கும் வந்தவர்களுக்கும் இடையில் அரச வேலையிலும் கம்பஸ் இடத்திலும் மனக்கசப்பு. எங்கட பிள்ளைகளின் கோட்டாவை அகதிப் பிள்ளை எடுக்கிறது என்று இவர்கள். நாங்கள் விரும்பியா வந்தோம் என்று அவர்கள். இருவருமே ஓட்டை விழுந்த கூரைக்குக் கீழ் இருந்தவர்கள். பெயரை மட்டும் அனுப்பி வைத்த கொழும்புத் தகப்பனை இரண்டு தரப்பும் கண்டுகொள்ளவில்லை. அவர் வந்ததே இல்லையே, எப்படிக் காண்பது?

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை 2020 இல் கொஞ்சம் வேறு மாதிரிப் போட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவத்தில் 7.5 வீதம் உள் ஒதுக்கீடு. கட்டணத்தையும் அரசே கட்டும் என்றார்கள். பிள்ளை எந்த நிறப் பிரதேசத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் எந்தப் பள்ளிக்கூட வாங்கில் உட்கார்ந்தது என்று பார்த்தார்கள். அதிலும் ஓட்டை இருக்கும். ஆனால் ஏழு வருடம் அரசுப் பள்ளி வாங்கில் உட்காரப் பணக்காரன் யோசிப்பான். இங்கே நியாயம் பேசும் கல்வி அமைச்சர்கள் எத்தனையோ பேர் சென்னைக்குப் பட்டுப்புடவை வாங்கப் போய் வந்திருக்கிறார்கள். இதையும் வாங்கி வந்திருக்கலாம்.

இப்போது நம் பிள்ளை இத்தனையையும் தாண்டி, வெட்டுப்புள்ளிக்குப் போதிய இசட் ஸ்கோரும் எடுத்து, அதற்குக் கம்பஸும் கிடைத்துவிட்டது. 2022 உயர்தரத்தில் தகுதி பெற்றவர் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல், இடம் நாற்பதாயிரத்துச் சொச்சம் என்றிருக்கையில் இது சின்ன விடயமில்லை. இடம் கிடைக்காத மீதிப் பேரில் வசதியுள்ளவன் பங்களாதேசத்துக்கோ ரஷ்யாவுக்கோ பறந்து அதே டொக்டராகத் திரும்பி வருவான். வசதியில்லாதவனுக்கு 2017 இல் ஒரு திட்டம் வந்தது, தனியார் நிறுவனத்தில் படிக்க வட்டியில்லாக் கடன். இலவசக் கல்வி நாட்டில் ஏழைக்கு மட்டும் கடன் கல்வி. அதை விடுவோம்.

கம்பஸ் கிடைத்த பிள்ளையின் வாப்பா உதவித்தொகைப் படிவத்தோடு கந்தோருக்குப் போகிறார். வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டும். இந்த உரையாடல் எந்தக் கந்தோரில் வேண்டுமானாலும் நடக்கலாம்.

"மாச வருமானம் எவ்வளவு நானா?"

"மாசம் எண்டு ஒண்டு இல்ல சேர். கடல் தந்தா உண்டு."

"அப்பிடி எழுத ஏலாது. ஒரு தொகை சொல்லுங்க."

"சோளகம் தொடங்கினா போட் இறங்காது சேர். அந்த மாசமெல்லாம் கடன்தான்."

"கடன் வருமானமில்ல. கடலுக்குப் போன மாசத்தைச் சொல்லுங்க."

சொல்கிறார். நல்லாய் மீன் பட்ட ஒரு மாதத்தின் கணக்கு. உத்தியோகத்தர் அதைப் பன்னிரண்டால் பெருக்குகிறார். படிவத்தில் சோளகத்துக்குக் கட்டமில்லை. மண்ணெண்ணெய்க்கும் இல்லை. 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆன மண்ணெண்ணெய் அது. வெளியிணைப்பு எஞ்சின் அதைக் குடித்துத்தான் ஓடுகிறது. பெருக்கல் முடிந்ததும் மீன்காரர் காகிதத்தில் பணக்காரர் ஆகிவிடுகிறார். பின்னால் வரிசையில் நிற்கும் மொத்த வியாபாரிக்கு இந்தத் தொல்லை இல்லை. வருமானவரிக்காரருக்குக் காட்டிய நட்டக் கணக்கையே இங்கேயும் நீட்டுகிறார். கண்ணீரோடு ஒப்பமிட்டுக் கொடுக்கிறார்கள்.

கிடைத்தால் மகாபொல உதவித்தொகை. 2015 இல் மாதம் 5,000 ஆன தொகை, விலைவாசி மூச்சடைத்த 2022 இலும் அதே 5,000. 2025 இல்தான் 7,500 ஆனது. அப்போதும் நாளைக்கு 250 ரூபாய். அதில் மூன்று வேளைச் சாப்பாடு, அறை வாடகை, போட்டோக்கொப்பி. அதுவும் மாதா மாதம் வருமென்று யாரும் சத்தியம் செய்யவில்லை. நிலுவை கேட்டு மாணவர் தெருவில் இறங்குவதும் தண்ணீர்ப் பீரங்கி அவர்களைக் குளிப்பாட்டுவதும் நம் உயர்கல்வியின் வருடாந்த வைபவம். தண்ணீர்ப் பீரங்கிக்கு நிலுவை வந்ததாய் நான் கேள்விப்படவில்லை.

மகாபொல நிதியத்துக்குக் காசு வரும் வழிகளில் ஒன்று லொத்தர். லலித் அத்துலத்முதலி 1981 இல் சட்டமாக்கிய நிதியம் அது, எண்ணம் நல்லது. ஆனால் லொத்தர் யார் வாங்குகிறார்? பென்ஸ் காரை நிறுத்திக் கண்ணாடி இறக்கி லொத்தர் வாங்குகிற கனவானை நான் கண்டதில்லை. வலையில் ஒன்றும் படாத அன்றைக்குக் கரையில் இறங்கி, பொக்கெற்றில் மிஞ்சியதைக் கொடுத்து ஒரு சீட்டுக் கிழிக்கிறவர்தான் வாங்குகிறார். இலட்சாதிபதி ஆகத் தவறிய வாப்பாவின் காசு, சுற்றி வளைத்து, மகனின் உதவித்தொகையில் ஒரு சல்லியாய் வந்து சேருகிறது. அரசாங்கம் நடுவில் நின்று இருவருக்கும் புலமைப்பரிசில் வழங்குகிறது.

பிறகு பதாகை. இத்தனை வடிகட்டியிலும் ஊடுருவி ஒரு பிள்ளை போனதும் ஊர் முகப்பில் பிளெக்ஸ் ஏறும். எம்.பி.யின் முகம் ஆளுயரம். டியூசன் சேரின் முகம் அரையளவு. பிள்ளையின் முகம் கடவுச்சீட்டு அளவில், மூலையில். "வறுமை ஒரு தடையல்ல" என்று வாசகம். வறுமையைத் தடையாக்கி வைத்தவர்களே அச்சுக் கூலி கொடுத்து அடித்த வாசகம். அந்த ஒரு பிள்ளையைக் காட்டி மீதி முந்நூறு பிள்ளையிடம், "அவனால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?" என்று கேட்பார்கள். அந்தப் பதாகையின் வேலையே அதுதான்.

இந்தத் தீபகற்பத்திடம் நாடு என்னவெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்று ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். மீன். வெங்காயம். உல்லாசப் பயணி பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கக் காற்று. நுரைச்சோலை அனல் நிலையத்திலிருந்து 900 மெகாவாட் மின்சாரம். அந்த வெளிச்சத்தில் கொழும்புப் பிள்ளைகள் இரவு பதினொன்று வரை வினாத்தாள் செய்கிறார்கள், நிலக்கரித் தூசி மட்டும் இங்கே தங்கிவிடுகிறது. அதுவும் போதாதென்று, களப்புக்கு அக்கரையில் அறுவைக்காட்டில் கொழும்பின் குப்பையைக் கொட்ட இடம் கட்டினார்கள். புத்தளமே தெருவில் நின்று கத்தியது, 2018 இலும் 2019 இலும். யார் கேட்டார்? களனியில் குப்பையை அமுக்கிப் பெட்டியில் அடைத்து 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவரத் திட்டம். பொறியியலாளர், அளவையாளர், தண்டவாளம், பல கோடி ரூபாய், எல்லாம் கிடைத்தன. மனம் வைத்தால் கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு எதையும் கொண்டுவரலாம் என்று இப்போது நிரூபணமாகிவிட்டது.

ஆகவே கல்வி அமைச்சுக்கு ஒரு தாழ்மையான விண்ணப்பம். அந்த ரயிலில் கடைசியாய் ஒரு பெட்டி கூடுதலாகக் கொழுவச் சொல்லுங்கள். இரசாயனவியலுக்கு ஒருவர், பௌதிகவியலுக்கு ஒருவர், இணைந்த கணிதத்துக்கு ஒருவர், தமிழில் படிப்பிக்கக்கூடியவர்களாய். இறக்கும் இடத்திலிருந்து களப்பைக் கடந்து இக்கரைக்கு நாங்களே வள்ளத்தில் ஏற்றிக்கொள்வோம், வலிக்க ஆளிருக்கிறது. நாற்றம் தாங்காவிட்டால் மூக்கை மூட லேஞ்சியும் தருவோம். நியமனக் கடிதத்தில் மூன்று மாதத்தில் கொழும்புக்கு இடமாற்றம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குப்பைக்கு அப்படி எழுதவில்லையே.